கபாலத்தைக் கடந்த கழியொலி

மனித உடலின் உறுப்புக்களுள் மூளைக்கு வாய்த்த காவல் வேறெந்த உறுப்புக்கும் வாய்த்ததன்று. இதயமும் நுரையீரலும் விலா எலும்புகளின் இடைவெளி வழியே கருவிக்கு எட்டுவன. மூளையோ முற்றும் மூடிய எலும்புப் பேழையினுள்ளே நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கின்றது. அக்காவலே மருத்துவருக்குத் தடையுமாயிற்று. மூளையின் ஆழத்திலுள்ள ஓரிடத்தைத் தொடவேண்டுமாயின் எலும்பைத் துளைத்தல் வேண்டும். வழியிலுள்ள நலமான பகுதிகளை ஊடுருவிச் செல்லுதலும் வேண்டும். கத்தியும் ஊசியுமின்றி, புறத்தே நின்று செலுத்தும் ஒலியினாலே அவ்விடத்தை அடையலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. இன்று அது செயல்வடிவம் பெற்றுள்ளது.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் 2008ஆம் ஆண்டிலே தொடங்குவர். அவ்வாண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தைலர் என்பாரும் அவருடன் உழைத்தோரும், சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த மெல்லிய துண்டுகளை மென்மையான கழியொலியாலே தூண்டி, நரம்புக்கலங்கள் கிளர்ச்சியுறுவதைக் காட்டினர். அது சிறந்த பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1958இல், இலினோய்ப் பல்கலைக்கழகத்தார் உயிருள்ள பூனையின் மூளையில் ஒரு பகுதியின் தொழிலை ஒலியினால் அடக்கி, அது மீண்டும் தானே இயங்குவதையும் கண்டு வெளியிட்டிருந்தனர். அத்தகைய கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டு காலம் ஏன் உறங்கிக் கிடந்தது? இவ்வினாவுக்கு விடை தேடும்போதுதான் இத்துறையின் உண்மையான வரலாறு புலப்படும். அவ்விடையின் பெரும்பகுதி எலும்பைப் பற்றியது.

கழியொலி என்பது செவிக்கு எட்டாத ஒலி. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்ட மீடிறனுடையவை யாவும் கழியொலியாம். சூரியகாந்தக் கல் வெயிலைத் திரட்டி ஒரு புள்ளியிலே தீயை உண்டாக்குவதுபோல, ஒலியையும் திரட்டி ஒரு புள்ளியிற் குவிக்கலாம். ஆனால் எந்த அலையையும் அதன் அலைநீளத்தினும் மிகச் சிறிய இடத்தில் இவ்வாறு குவித்தல் இயலாது. பேச்சொலியின் அலைநீளம் முழக்கணக்கில் உள்ளது. அதனைக் கொண்டு மூளையில் ஓரிடத்தைக் குறிவைக்க நினைப்பது உலக்கையால் ஊசி நூல் கோப்பதற்கு ஒப்பாகும். உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஆகவே செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 1.5 மில்லிமீற்றராகும், ஐந்து இலட்சம் முறை அதிரும் ஒலிக்கு 3 மில்லிமீற்றராகும். மூளையின் ஆழத்திலுள்ள சிறு சிறு கருத்தொகுதிகளின் அளவும் இதற்கு நெருங்கியதே. இவ்வளவு விரைவாக அதிரும் ஒலியை ஆக்குவது எவ்வாறு என்பதே முதலிற் தீர்க்கப்படவேண்டிய சிக்கலாயிருந்தது.

அதற்கான வழி மருத்துவத்தோடு எவ்வகைத் தொடர்புமில்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. பிரான்சிலே பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர் 1880இல், குவாட்சு முதலிய சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அதன் மறுதலையும் உண்மையாதல் வேண்டுமென, அஃதாவது மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு சுருங்கி விரிதல் வேண்டுமென, லிப்மன் 1881இல் கணித வாயிலாக நிறுவினார். கியூரி சகோதரர் அவ்வாண்டிலேயே அதனைச் சோதனையால் உறுதிசெய்தனர். மின்சத்தியை அதிர்வாகவும் அதிர்வை மின்சத்தியாகவும் மாற்றுகின்ற சத்திமாற்றியின் பிறப்பு இதுவேயாகும். ஆயினும் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அஃது ஆய்கூடத்து விந்தையாகவே இருந்தது.

முதலாம் உலகப் போரில் செர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நேச நாடுகளின் கப்பல்களை மூழ்கடித்தபோது, போல் லாஞ்சவன் என்னும் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் அப்பளிங்கை நினைந்தார். 1917இல் அவர் குவாட்சுத் துண்டுகளை இரண்டு உருக்குத் தகடுகளுக்கிடையே பதித்து, நீரினுள் வலிய ஒலிக்கற்றையை வீசும் சத்திமாற்றியை அமைத்தார். நீர்மூழ்கியைத் தேடுதற்கென்று எழுந்த அக்கருவி தூலோன் துறைமுகத்துச் சோதனைகளில் எதிர்பாராத ஒன்றையும் காட்டிற்று. ஒலிக்கற்றையின் வழியில் அகப்பட்ட சிறு மீன்கள் இறந்தன. நீரினுள்ளே கையை வைத்தோர் வலியை உணர்ந்தனர். கழியொலிக்கும் உயிருக்கும் நேர்ந்த முதற் சந்திப்பு இவ்வாறு கொலையாகவே அமைந்தது.

தூலோனுக்குச் சென்று அதனை நேரிற் கண்ட அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேட் வூட் அக்காட்சியை மறக்கவில்லை. போருக்குப் பின்னர் அவர் அல்பிரட் லூமிஸ் என்பாரோடு கூடினார். லூமிஸ் பங்குச் சந்தையிற் பெரும்பொருள் ஈட்டியவர். ஈட்டியதைக் கொண்டு நியூ யோர்க் மாநிலத்திலே தக்சீடோ பார்க் என்னுமிடத்தில் தமக்கென ஓர் ஆய்கூடம் அமைத்துக்கொண்டவர். இருவரும் 1927இல் வெளியிட்ட கட்டுரையில், வலிய கழியொலி சிறு மீன்களையும் தவளைகளையும் கொல்லுவதையும், செங்குருதிக் கலங்களைச் சிதைப்பதையும் விரித்துரைத்தனர். அதன்பின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து நியூற்றன் ஹாவி, 1929இல், தவளை, ஆமை ஆகியவற்றின் இதயத்தசை முதலிய கிளர்ச்சியுறும் இழையங்களைக் கழியொலிக்கு உட்படுத்தி, அவை ஒலியினாலே தூண்டப்படுவதைக் கண்டார். கொல்லும் ஒலியை நோக்கியே எல்லாரும் வியந்து நின்ற காலத்தில், கொல்லாது தூண்டும் ஒலியை நோக்கியவர் இவர். ஆயினும் அவரது கட்டுரை நெடுங்காலம் அதிகம் எடுத்தாளப்படவில்லை.

1935இல் செர்மனியில் குரூட்ஸ்மாக்கர் என்பார் குவாட்சைத் தட்டையாகவன்றிக் குழிவாகக் குடைந்து எடுத்தார். குழிவான முகத்திலிருந்து புறப்படும் அலைகள் யாவும் அதன் மையத்திற் சென்று கூடும். இவ்வெளிய மாற்றமே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதனைப் பின்பற்றி, நியூ யோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் லின் என்பாரும் துணைவரும் 1942இல் குழிவான குவாட்சுச் சத்திமாற்றி ஒன்றினாலே மெழுகுக் கட்டியின் நடுவையும், மாட்டீரலின் நடுவையும், அவற்றின் மேற்பரப்பு பெரிதும் கெடாதவாறு சூடாக்கிக் காட்டினர். அடுத்து அவர்கள் விலங்குகளின் மூளைக்கு அதனைத் திருப்பினர். மூளையிற் புண் உண்டாயிற்று. விலங்குகளின் நடத்தையும் மாறிற்று. ஆயின் உச்சந்தலைத் தோலும் அடியிலுள்ள பகுதிகளும் சேதமுற்றன. மெழுகிலும் ஈரலிலும் காணாத தடை ஒன்று இங்கே எதிர்ப்பட்டது, அதுவே கபாலம்.

எலும்பு ஒலிக்கு மூவகையாலே பகையாகும். ஒன்று, மென்மையான இழையத்திலிருந்து எலும்பிற்குள் நுழையும்போது ஒலியின் ஒரு பங்கு திருப்பி எறியப்படுகிறது. மற்றொன்று, உள்ளே நுழைந்ததையும் எலும்பு பெரிதும் உறிஞ்சி வெப்பமாக்குகிறது. மீடிறன் கூடக் கூட அவ்வுறிஞ்சலும் கூடும். இவ்விரண்டையும்விடக் கொடியது மூன்றாவது. எலும்பினுள்ளே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 2,800 மீற்றர் வேகத்தில் விரைகிறது. கபாலத்தின் தடிப்போ இடத்துக்கிடம் வேறு. ஓரிடத்தில் எலும்பு மற்றோரிடத்தினும் 3 மில்லிமீற்றர் தடித்திருக்குமாயின், அவ்வழிச் செல்லும் அலை மற்றதைவிடச் செக்கனின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு நேரம் முந்திவிடும். மிகச் சிறிய நேரமெனத் தோன்றும். ஆனால் செக்கனுக்கு ஐந்து இலட்சம் முறை அதிரும் ஒலிக்கு அது ஏறத்தாழ அரை அதிர்வு. ஓர் அலையின் முகடு மற்றோர் அலையின் தாழியைச் சந்திக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். தேர்வடம் பிடிப்போர் யாவரும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றித் தேர் நகராது. பாதிப் பேர் முன்னும் பாதிப் பேர் பின்னுமாக இழுத்தால் எத்தனை நூறு பேர் கூடினும் பயனில்லை. கபாலம் செய்வது அதுவே. ஒலியைக் கூட்டுவதனால் இத்தடையை வெல்ல முடியாது; கூட்டுந்தோறும் எலும்பே வேகும்.

இவ்விடத்தில் வியன்னாவின் கார்ல் டூசிக்கைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. அவர் மூளையைத் தூண்டவோ சுடவோ முயலவில்லை. தலையின் ஒரு புறத்திலிருந்து கழியொலியைச் செலுத்தி மறுபுறத்தில் அளந்து, மூளையினுள்ளிருக்கும் நீரறைகளின் படத்தைப் பெற முயன்றார். 1942இல் வெளிவந்த அவரது முயற்சி பெரும் ஆர்வத்தை எழுப்பிற்று. பத்து ஆண்டுகளின் பின் செர்மானிய ஆய்வாளர் அதே சோதனையை வெறும் மண்டையோட்டிலே செய்து பார்த்தனர். மூளையே இல்லாத அம்மண்டையோட்டிலும் அதே போன்ற படங்கள் கிடைத்தன! நீரறைகளென்று கொள்ளப்பட்டவை எலும்பின் தடிப்பு வேறுபாட்டின் நிழல்களே. எலும்பு தடை செய்வதோடு நில்லாது ஏமாற்றவும் வல்லது என்பதை இத்துறையினர் அன்றே அறிந்தனர். டூசிக்கின் முயற்சியை இகழ்தல் நேர்மையன்று. மருத்துவ நோக்கத்துக்குக் கழியொலிப் படத்தை நாடியவருள் அவர் முன்னோடி. ஆயினும், காணப்பட்டது எதனால் உண்டாயிற்று என்று வெறும் மண்டையோட்டைக் கொண்டு வினவிய அச்சோதனையே பிற்காலத்தார்க்கு மிகுந்த பாடமாயிற்று.

இத்துறையை ஓர் அறிவியலாக்கியவர் வில்லியம் பிரை. 1918இற் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்கூடத்தில் நீர்மூழ்கிகளைத் தேடும் சத்திமாற்றிகளை வடிவமைத்தவர். லாஞ்சவனின் கடற்கருவியே மீண்டும் ஒருமுறை மருத்துவத்துக்கு ஆள் அனுப்பியது எனலாம். 1946இல் அவர் இலினோய்ப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, உயிரொலியியல் ஆய்கூடத்தை நிறுவினார். அவருடைய சகோதரர் பிரான்சிஸ் பிரையும் உடன் உழைத்தார். பிரை சகோதரர் எலும்போடு போராடவில்லை, அதனை அகற்றிவிட்டனர். மண்டையோட்டில் ஒரு பலகணி திறந்து, வளிக்குமிழிகள் நீக்கப்பட்ட உப்புநீரை இடையே நிரப்பி, நான்கு சத்திமாற்றிகளிலிருந்து வரும் நான்கு கற்றைகளையும் ஒரே புள்ளியிற் கூடச் செய்தனர். ஒவ்வொரு கற்றையும் தனித்தனியே தீங்கற்றது. நான்கும் கூடுமிடத்திலே மட்டும் ஆற்றல் மிகும். 1950-களின் நடுப்பகுதிக்குள், பூனை மூளையின் ஆழத்தில் சில மில்லிமீற்றர் அளவுள்ள புண்ணை, மேலுள்ள இழையம் கெடாமல், வேண்டிய இடத்தில் ஆக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டனர். நரம்பு நார்கள் முதலிற் கெட்டன. குருதிக் குழாய்களோ மிகுந்த அளவிலேயே கெட்டன. மூளையில் கத்தி வைப்போர் அஞ்சுவது குருதிப்பெருக்கையே ஆதலின் இஃது அரிய பேறாகும்.

1958இல் அவர்களது புகழ்பெற்ற சோதனை வெளிவந்தது. கண்ணிலிருந்து புறப்படும் நரம்புச் செய்தி மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் புறணியைச் சேருமுன் ஓர் இடைநிலையத்திற் கைமாறுகிறது. பூனையின் கண்ணுக்கு ஒளிமின்னல் காட்டும்போதெல்லாம் புறணியிலே மின்னசைவு தோன்றும். பிரான்சிஸ் பிரை, ஏட்ஸ், வில்லியம் பிரை ஆகிய மூவரும் அவ்விடைநிலையத்தின்மீது கழியொலியைக் குவித்தபோது அம்மின்னசைவு பெரிதும் தாழ்ந்தது. ஒலியை நிறுத்தியபின் ஏறக்குறைய அரை மணி நேரத்துள் பழைய நிலைக்கு மீண்டது. புண்ணாக்காமலே மூளையின் ஒரு பகுதியை உறங்கவைத்து எழுப்பலாம் என்பதற்கு இது சான்றாயிற்று. இதன் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. அறுவைக்கு முன்னர் ஓரிடத்தைத் தற்காலிகமாக அடக்கிப் பார்த்து, அவ்விடமே நோய்க்குக் காரணமா என்று அறியலாமன்றோ?

அதே காலத்தில் அயோவாப் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் ரசல் மையர்ஸ், பிரை சகோதரரின் கருவியைக் கொண்டு, பார்க்கின்சன் நோயினாலும் அதுபோன்ற நடுக்க நோய்களாலும் துன்புற்றோரின் மூளை ஆழத்திலே சிறு புண்களை ஆக்கி மருத்துவம் செய்தார். நோயாளர் விழித்திருக்கும்போதே நடுக்கமும் விறைப்பும் தணிவதைக் கண்டனர். வெற்றியே, ஆயினும் எலும்பை வெட்டி எடுத்தபின் பெற்ற வெற்றி. எலும்பை வெட்டவேண்டுமாயின் ஊசியையே செலுத்திவிடலாமே என்று பிற அறுவை மருத்துவர் எண்ணியதில் வியப்பில்லை. நோயாளியொருவரின் மூளைக்குள் குறித்த இடம் எங்குள்ளது என்பதை எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் நீரறைகளைக் கொண்டு உய்த்துணர வேண்டியிருந்தது. மூளையையே காட்டும் படமுறை அப்போது பிறக்கவில்லை. 1967இல் கொட்சியாஸ் என்பார் இலெவோடோப்பா என்னும் மருந்தை உயர்ந்த அளவிற் கொடுத்துப் பார்க்கின்சன் நோயைத் தணித்துக் காட்டவே, நடுக்கத்துக்கென மண்டையைத் திறப்போர் தொகை விரைந்து குறைந்தது. 1968இல் வில்லியம் பிரை ஐம்பது வயதிற் காலமானார். மருந்தாலும் தணியாதவர்களுக்கென்று 1987இல் பிரான்சின் கிரெனோபில் நகரிலே பெனபிட் என்பார் மின்முனையை மூளையினுள் நிரந்தரமாகப் பதிக்கும் முறையைத் தொடங்கினார். ஒலிக்கு இடமே இல்லாது போயிற்று.

இடைப்பட்ட காலத்தில் இவ்வெண்ணத்தைக் காத்தவர் சிலரே. சோவியத் நாட்டிலே கவ்ரீலவ், சிருல்னிக்கவ் என்போர் 1970-களில், குவிந்த கழியொலியை மனிதரின் கைத்தோலில் செலுத்தி, தொடுகை, சூடு, குளிர், நோவு ஆகிய உணர்ச்சிகளை எழுப்பினர். ஊசி குத்தாமலே உணர்ச்சி பிறந்தது. தூண்டப்பட்டவை தோலிலும் அதன் கீழும் உள்ள நரம்புகளே, மூளையன்று. எனினும் ஒலி மனிதரின் நரம்பைத் தூண்டும் என்பதற்கு அவர்களே நேரான சான்று தந்தனர். அமெரிக்காவில் பிரான்சிஸ் பிரை, தம் சகோதரர் ஒதுக்கிவைத்த எலும்பின்பால் மீண்டார். மனிதக் கபாலத்தின் ஒலியியல் இயல்புகளைப் பற்றி அவரும் பாகர் என்பாரும் 1978இல் வெளியிட்ட அளவீடுகள் இன்றளவும் பயன்படுகின்றன. பத்து இலட்சம் அதிர்வில் இயலாதது ஐந்து இலட்சத்தை அண்டிய மீடிறனில் இயலும் என்பது அக்கால அளவீடுகளின் சாரம்.

எலும்பின் மூன்றாவது பகையை, அஃதாவது அலைகள் காலந்தவறி வருவதை, வென்றது எவ்வாறு? பெரிய குழிவான பளிங்கு ஒன்றைக் கொண்டு அது முடியாது. சத்திமாற்றியை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்னைத் தனித்தனிக் கணத்திற் கொடுத்தல் வேண்டும். தடித்த எலும்பின் வழியே செல்வது முந்திவிடுமாதலால் அதனைச் சற்றே தாமதித்து அனுப்பினால், யாவும் குவியத்தில் ஒருங்கே சேரும். வடம் பிடிப்போருக்கு நடுவிலே ஒருவன் நின்று குரல் கொடுப்பதை ஒத்தது இம்முறை. இதற்குக் குவாட்சு உதவாது. மிக உயர்ந்த மின்னழுத்தம் வேண்டுவது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்டறியப்பட்ட பேரியம் தைத்தனேற்றும், 1950-களில் உருவான ஈய சேர்க்கோனேற்றுத் தைத்தனேற்றும் சுட்ட மட்பாண்டத்தை ஒத்த பொருள்கள். வேண்டிய வடிவில் வார்க்கவும் வெட்டவும் கூடியவை. இன்றைய கழியொலிச் சத்திமாற்றிகளுட் பெரும்பாலானவை இப்பிந்திய பொருளாலானவை.

எந்தத் துண்டை எவ்வளவு தாமதிப்பது என்னும் கணக்கை இரண்டு வழிகளில் அணுகினர். பாரிசில் மத்தியாஸ் பிங் என்பார், குவியத்திலிருந்து புறப்பட்டு வரும் அலையைப் பதிவுசெய்து, அதனைக் காலத்திற் பின்னோக்கித் திருப்பி அனுப்பினால் அது வந்த வழியே மீண்டு தன் பிறப்பிடத்திற் குவியும் என்று 1980-களின் இறுதி முதற் காட்டிவந்தார். தத்துவ அழகுடைய முறை இது. ஆயின் உயிருள்ள மூளையின் நடுவிலே ஒலிபிறப்பிக்க எவரும் இல்லை. ஆதலால், தலையின் எக்ஸ் கதிர் அடுக்குப்படத்திலிருந்து எலும்பின் தடிப்பையும் அடர்த்தியையும் அறிந்து, கணினியினாலே அத்தாமதங்களைக் கணிக்கும் வழியே நிலைபெற்றது. பொஸ்ரன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஹைனினன், யோலெஸ் என்னும் இருவர் 1998இல், முழுமையான மனித மண்டையோட்டினூடே குவிந்த ஒலியைச் செலுத்தலாம் என்று செய்துகாட்டினர். வெப்பநிலை மாறும்போது நீரிலுள்ள ஐதரசன் கருக்களின் பரிவு மீடிறனும் சிறிது மாறும். ஆதலால் காந்தப் பரிவுப் படம், மூளையை மட்டுமன்றிக் குவியத்தின் சூட்டையும் உடனுக்குடன் காட்டும் வெப்பமானியுமாயிற்று. வில்லியம் பிரைக்கு இல்லாதிருந்த கண் இவ்வாறு கிடைத்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 30 சதமமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத் தொப்பியில் 1,024 சிறு சத்திமாற்றிகளைப் பதித்து, செக்கனுக்கு 650,000 அதிர்வு கொண்ட ஒலியைச் செலுத்தும் கருவி ஒன்றை இசுரவேல் நிறுவனமொன்று ஆக்கியது. சூரிச் நகரில் 2009இல் நீங்காத நரம்பு நோவுடையோர்க்கும், பின்னர் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் எலியாஸ் என்பாரால் நடுக்க நோயுடையோர்க்கும், மண்டையைத் திறவாமலே மூளையாழத்திற் புண் ஆக்கப்பட்டது. வேர்ஜீனியாவின் முதல் ஆய்வில் 15 பேர். 2016இல் வெளிவந்த ஒப்பீட்டாய்வில் 76 பேர். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. பல ஆண்டுகள் தேநீர்க் கோப்பையை ஏந்தமாட்டாதிருந்தவர் அன்றே ஏந்தினர். ஆயினும் எலும்பு இன்னும் முழுதும் பணிந்துவிடவில்லை. வெளியோட்டின் அடர்த்திக்கும் இடையிலுள்ள துளைமலிந்த எலும்பின் அடர்த்திக்கும் உள்ள விகிதம் பொருந்தாதவர்களின் தலையில் ஒலி போதிய அளவு நுழைவதில்லை. அத்தகையோர் பலர் இம்மருத்துவத்துக்கு ஏற்றவரல்லரென விலக்கப்படுகின்றனர்.

இதுவரை கூறியது சுடும் ஒலியைப் பற்றியது. ஹாவியும் பிரை சகோதரரும் கண்ட மற்றைய வழி, அஃதாவது புண்ணாக்காது தூண்டும் வழி, தைலரின் 2008ஆம் ஆண்டுப் பணியோடு மீண்டும் திறந்தது. 2010இல் அவர் குழுவினர் உயிருள்ள சுண்டெலியின் இயக்கப் புறணிமீது கபாலத்தினூடே மென்மையான ஒலித்துடிப்புக்களைச் செலுத்த, அதன் கால்கள் அசைந்தன. 2014இல் லெகன் என்பாரும் துணைவரும் மனிதரின் தொடுபுலப் புறணியை ஒலிக்கு உட்படுத்தியபோது, தோலிலே அருகருகாகத் தொடும் இரு முனைகளைப் பிரித்தறியும் திறன் மிகுந்ததென அறிவித்தனர். தொடர்ந்து குரங்குகளிலும் மனிதரிலும் பல சோதனைகள் எழுந்தன. செய்தித்தாள்களிலே மனச்சோர்வுக்கும் மறதிக்கும் மாமருந்து வந்துவிட்டதென்னும் முழக்கமும் எழுந்தது. 2016இல் கலிபோர்னியாவில் நினைவிழந்து கிடந்த 25 வயது இளைஞர் ஒருவர், மூளையின் நடுப்பகுதியில் ஒலி செலுத்தப்பட்டபின் விரைந்து தேறினார். அது தற்செயலாயும் இருக்கலாம் என்று ஆய்வாளரே எச்சரித்தனர். முழக்கமிட்டோர் அவ்வெச்சரிக்கையை வாசித்ததாகத் தெரியவில்லை.

இந்நிலையில் 2018இல் இரண்டு ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. மின்னசொற்றா மாநிலத்தில் ஒரு குழுவினர், ஒலி செலுத்தப்பட்ட கினிப்பன்றியின் மூளையிற் பரந்து தோன்றும் கிளர்ச்சி, செவிநரம்பை வெட்டியதும் மறைந்துவிடுவதைக் கண்டனர். கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் மற்றொரு குழுவினர், செவிடாக்கப்பட்ட சுண்டெலிகளில் உடலசைவுகள் குறைந்துவிடுவதைக் கண்டனர். ஒலி மூளையைத் தூண்டவில்லை. விலங்கு அதனைக் கேட்டுத் திடுக்கிட்டது என்பதே பொருள். கழியொலி செவிக்கு எட்டாதது என்றாலும், அதனைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும்போது அத்துடிப்புக்களின் மீடிறன் செவிப்புலனுக்கு உட்பட்டதாயிருக்கும். எலும்பின் வழியே அது உட்செவியைச் சேர்ந்துவிடும். டூசிக்கின் படங்களில் நிழல் காட்டி ஏமாற்றிய கபாலம் இம்முறை ஓசை காட்டி ஏமாற்றியது. பிறவியிலேயே செவிடான சுண்டெலிகளிலும், தொடக்கமும் முடிவும் மென்மையாக்கப்பட்ட துடிப்புக்களால் அசைவு உண்டாவதை 2019இல் இன்னொரு குழுவினர் காட்டினர். ஆகவே தூண்டல் முற்றும் பொய்யன்று; ஆனால் முன்னர் பெற்ற முடிபுகள் யாவற்றையும் மீண்டும் நிறுத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. வெறும் மண்டையோட்டிற் சோதித்த செர்மானியரின் வழியே இங்கும் கைகொடுத்தது.

ஒலி நரம்பை எவ்வாறு தூண்டுகிறது? வெப்பத்தினால் என்று சொல்ல வழியில்லை. மென்மையான அளவிலே சூடு மிகச் சிறிதே ஏறுகிறது. பாதுகாப்புக்கென 2024இல் பன்னாட்டு ஆய்வாளர் வகுத்த நெறியிலும் ஏற்கத்தக்க வெப்பநிலை உயர்வு 2 பாகையே. நரம்புக்கலத்தின் சவ்விலே, இழுவைக்குத் திறக்கும் சிறு வாயில்கள் உள்ளன. ஒலியின் அமுக்கம் சவ்வை அசைக்க, அவ்வாயில்கள் திறந்து கல்சியம் உள்ளே புக, அதனைத் தொடர்ந்து கலம் கிளர்ச்சியுறுகிறது என்பதற்கு 2022இல் வளர்ப்புக் கலங்களிற் செய்த ஆய்வு நல்ல ஆதாரம் தந்தது. முழு மூளையிலும் இதுவே நிகழ்கிறது என்று முடித்துவிடுதல் இன்னும் அவசரமே. ஒரே ஒலி, துடிப்பின் ஒழுங்கை மாற்றினால் ஓரிடத்திற் கிளர்ச்சியையும் மற்றோரிடத்தில் அடக்கத்தையும் உண்டாக்குவதற்கு முழுமையான விளக்கம் வேண்டியுள்ளது.

2025ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் ஒட்சுபோட்டுப் பல்கலைக்கழகத்தினரும் 256 சத்திமாற்றிகள் பதித்த தலைக்கவசம் ஒன்றை வெளியிட்டனர். தலை அசையாதிருக்க ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருந்திய நெகிழி முகமூடி உண்டு. காந்தப் பரிவுப் பொறியினுள்ளேயே இது இயங்கும். எலும்பின் தடையைக் கணித்துத் திருத்தி, முந்திய மூளையாழக் கழியொலிக் கருவிகளினும் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான இடத்திலே ஒலியைக் குவிக்கவல்லது என்று அவர்கள் கூறினர். ஏழு பேரிற் சோதிக்கப்பட்டது. அதற்கு அவர்கள் தெரிந்துகொண்ட இலக்கு, 1958இல் பிரை சகோதரரும் ஏட்ஸும் பூனையிலே தெரிந்துகொண்ட அதே பார்வை இடைநிலையம். கட்டங்கள் மாறி மாறி மின்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் அந்நிலையத்தில் ஒலியைச் செலுத்தியபோது, அந்நேரத்திலேயே பார்வைப் புறணியின் தொழில் மிகுந்தது. வேறோர் ஒழுங்கில் துடிப்புக்களைச் செலுத்தியபோது, குறைந்தது நாற்பது நிமிடம் அது தாழ்ந்திருந்தது. பூனையின் மூளை மீள்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. மண்டையோட்டிற் பலகணி திறக்கவும் நேர்ந்தது. இவ்வேழு பேரும் சோதனை முடிந்ததும் கவசத்தைக் கழற்றிவிட்டு எழுந்து சென்றனர்.